வெள்ளைக் குச்சிப் பாத்தி

கதிரை உதிர்த்து எடை போட்டு முடித்த அன்றைக்கு டாக்டரம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. தராசு அறையில் பன்னிரண்டு சாக்குகளையும் மறுபடி முதலிலிருந்து தூக்கி வைக்கச் சொன்னாள். தண்ணியக்காதான் தூக்கி வைத்தாள். மூன்றாவது தடவையும் அதே எடை. தராசில் கோளாறோ என்று டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி நின்று பார்த்தாள்.

"அஞ்சு கிலோ இறங்கிட்டேன்," என்றாள், யாரைப் பார்த்தும் இல்லாமல். "தராசு நல்லாத்தான் இருக்கு."

அவள் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மண்ணைப் படித்துப் பட்டம் வாங்கியவள். வந்த புதிதில் தண்ணியக்காவின் புருஷன் போய் இருமலுக்கு மருந்து கேட்டு நின்றதும், அவள் திருதிருவென்று விழித்ததும் அந்தப் பண்ணையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற கதை. தண்ணியக்காவுக்கும் அது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. இருபது வருஷம் செங்கல் சூளையிலும் கட்டடத்திலும் சுமந்து தேய்ந்தவள், மூன்று வருஷமாக இங்கே பாத்திகளுக்குப் பூவாளியால் தண்ணீர் ஊற்றுகிறாள். அதனால் வந்த பேர்.

பாத்தி பன்னிரண்டு. ஆறில் கறுப்புச் சாயம் பூசிய குச்சி, ஆறில் வெள்ளைக் குச்சி. கறுப்புக் குச்சிப் பாத்திகளில் கரி கலந்திருக்கிறது. வெள்ளையில் வெறும் மண். மற்றபடி விதை, உரம், வெயில் எல்லாம் ஒன்றுதான். சோளத்தட்டையை வயலில் போட்டுக் கொளுத்தினால் புகையாய் மேலே போய் வானத்தைச் சூடாக்கும்; அதையே காற்றுப் படாமல் இரும்புச் சூளையில் வேகவைத்துக் கரியாக்கி மண்ணில் கலந்துவிட்டால் நூறு இருநூறு வருஷம் அங்கேயே கிடக்கும்; போதாததற்கு அந்த மண் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. அரசாங்கம் மூன்று வருஷத்துக்குப் பணம் கொடுத்திருந்தது. கரி போட்டால் விளைச்சல் கூடும் என்று காட்டினால்தான் விவசாயி தொடுவான், விவசாயி தொட்டால்தான் அரசாங்கம் அடுத்த நாலு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடும்.

முதல் ஆறு மாசம் அந்த இரும்புச் சூளையை எரித்தது தண்ணியக்காவின் புருஷன். முப்பது வருஷம் மண் பூசி மூடிய மூட்டத்தில் விறகுக்கரி சுட்டவர். புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்வார். டாக்டரம்மா சூடு அளக்கிற கம்பியை உள்ளே விட்டு அளந்து பார்த்து ஆச்சரியப்படுவாள். ஆராய்ச்சி எதற்கு என்று அவள் விளக்கியபோது அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "நானும் முப்பது வருஷமா புகையை நெஞ்சுக்குள்ள பூட்டி வச்சிருக்கேன். எனக்கு மட்டும் எந்த அரசாங்கமும் ஒண்ணும் ஒதுக்கலையே." ஏழாவது மாசம் சூளை மூடியைத் தூக்கும்போது அப்படியே உட்கார்ந்தவர், பிறகு வேலைக்கு வரவில்லை. இப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குகிறார். படுத்தால் மூச்சு நிற்கிறது.

அடுத்த நாலு வருஷத்துக்குக் கையெழுத்து விழுந்தால் தினக்கூலிகளாக இருக்கிற ஆறு பேரும் ஒப்பந்த ஊழியர்கள். ஒப்பந்த ஊழியருக்கு மருத்துவ அட்டை உண்டு, அட்டையில் புருஷன் பெண்டாட்டிக்கும் இடம் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் பிரிவுக்குப் போகலாம், வீட்டில் வைத்துக்கொள்ள மூச்சு மெஷின் வாங்கலாம். படிவம் பூர்த்தியாகி, புருஷனின் போட்டோ குத்தி, டாக்டரம்மாவின் மேஜை இழுப்பறையில் தயாராகக் கிடந்தது. பணம் வரவேண்டியதுதான் பாக்கி. தண்ணியக்கா தராசு அறையைக் கூட்டப் போகிறபோதெல்லாம் அந்த இழுப்பறையை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

"என்ன டாக்டரம்மா, எடை குறையுதா?" என்றாள்.

"குறையலை அக்கா. அதான் வினை. வெள்ளையும் கறுப்பும் ஒரே எடை. அஞ்சு பருவத்துல ஒரு பருவம் கூட வித்தியாசம் இல்லை." டாக்டரம்மா முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். "வியாழக்கிழமை கமிட்டி வருது. கரி போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்னு நானே என் வாயால சொல்லணும். இந்த மண்ணுல வெள்ளைக் குச்சி எப்படித்தான் இப்படி விளைஞ்சுதுன்னு எனக்குப் புரியவே இல்லை."

வெள்ளைக் குச்சி எப்படி விளைந்தது என்று தண்ணியக்காவுக்குத் தெரியும்.

சொட்டுநீர்க் குழாய் போட டாக்டரம்மா கேட்டிருந்தாள். சூளைக்குப் பணம் வந்தது, தராசுக்கு வந்தது, குழாயைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். அதனால்தான் கையால் ஊற்றுகிற வேலை. முதல் நாள் மேஸ்திரி வந்து, "ஒவ்வொரு பாத்திக்கும் ஆறு பூவாளி. நோட்டுல ஆறுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. அவ்வளவுதான்," என்றார். ஏன் ஆறு, கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவள் பார்த்த எல்லா வேலையிடத்திலும் நோட்டு என்பது அதிகாரி கண்ணுக்கு. சூளையில் ஆயிரம் கல் என்று எழுதினால் எழுநூறு வெந்திருக்கும். கட்டடத்தில் பத்து மூட்டை சிமெண்ட் என்று எழுதினால் கலவையில் ஆறு விழுந்திருக்கும். எழுதுவது ஒரு வேலை, செய்வது வேறு வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவள் வேலையில் நிற்க மாட்டாள்.

மழை ஏமாற்றிய மாசங்களில் வெள்ளைக் குச்சிச் செடிகள் பத்து மணிக்கே இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கும். கறுப்பு மூன்று மணி வரை நிமிர்ந்து நிற்கும். தொட்டியில் இருப்பது காலையில் மோட்டார் நிரப்புகிற எழுபத்திரண்டு பூவாளி, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. செங்கல் சூளையில் இருந்த காலத்தில் தண்ணீர் லாரி வராத நாட்களில் தன் பிள்ளை உதட்டை நக்கிக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்தவள் அவள். வாடுகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போக அவளுக்குக் கால் வராது. நன்றாக இருக்கிற பிள்ளை தட்டிலிருந்து எடுத்து நோஞ்சானுக்கு வைப்பதைப் போல, கறுப்புக்கு நாலு ஊற்றினாள், வெள்ளைக்கு எட்டு ஊற்றினாள். நோட்டில் ஆறு, ஆறு, ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தொட்டிக் கணக்கும் இடிக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

வீட்டில் புருஷன் சுவரில் சாய்ந்து, முழங்காலில் தலையணையை வைத்து அதன்மேல் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். மூச்சை இழுக்க அந்த இருப்புதான் வசதி. அவள் காலில் ஒட்டிய மண்ணைக் கூடக் கழுவாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அடி கிறுக்கி," என்றார். அடுத்த வார்த்தைக்கு மூச்சு சேர்த்தார். "செடி உங்கிட்ட வந்து அழுதுச்சா?"

"அழாத குறைதான். உங்க கறுப்புதான் திமிரா நின்னுச்சு."

"என் கறுப்பு." சிரிக்கப் போய் இருமினார். அது அடங்க நேரம் ஆனது. அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அடங்கியதும் அவர் கண் வேறு மாதிரி இருந்தது. "ஏண்டி, நாலு ஊத்தியா எட்டோட சமமா விளைஞ்சுது?"

"ஆமா."

"பாதித் தண்ணியில."

"ஆமாங்கறேன்ல."

"அப்போ என் கரி வேலை செஞ்சிருக்குடி." தலையணையை ஒரு தட்டுத் தட்டினார். "அந்தப் பொண்ணு தேடுறது அதுதானே? ஒண்ணுமில்லைன்னு தலையில துணியைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. போய்ச் சொல்லு."

"சொன்னா என்னை வேலையில வச்சிருப்பாங்களா? நோட்டுல பொய் எழுதினவளை?"

"சொல்லாட்டி வேலையே இருக்காது. யாருக்கும் இருக்காது." மூச்சு. "கேட்டா தினமும் நாலு, தினமும் எட்டுன்னு அடிச்சுச் சொல்லு. வழவழன்னு இழுக்காதே. அதிகாரிங்களுக்கு ஒரே நம்பர் வேணும்."

மறுநாள் காலையில் தராசு அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. பேனாவை எடுத்து எந்த மாசம், எத்தனை, எந்தப் பாத்தி என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். எழுத எழுத அவள் முகம் வெளிச்சமானது. எழுந்து இரண்டு நடை நடந்தாள். "அக்கா, இது நான் எதிர்பார்த்ததை விடப் பெருசு. பாதித் தண்ணி. பாதித் தண்ணியில அதே விளைச்சல்." பிறகு அலமாரியிலிருந்து தண்ணீர் நோட்டை எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கம், இரண்டு பக்கம், பத்துப் பக்கம். ஆறு, ஆறு, ஆறு. ஒவ்வொன்றின் எதிரிலும் தண்ணியக்காவின் கையெழுத்து, ஒன்றுபோல, அழகாக.

நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"தப்பு உங்க மேல மட்டும் இல்லை," என்றாள். "எதுக்கு இந்த வெள்ளைக் குச்சின்னு நான் ஒரு நாள் உக்காந்து சொல்லியிருக்கணும். மேஸ்திரிகிட்ட சொன்னாப் போதும்னு நினைச்சேன்."

"சொல்லியிருந்தாலும் ஊத்தியிருப்பேனோ என்னவோ," என்றாள் தண்ணியக்கா.

வியாழக்கிழமை கமிட்டி வந்தது. தலைவர் நரைத்த ஆள், பாத்தி வரப்பில் பூட்ஸ் அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் இறங்கி மண்ணை அள்ளிப் பார்த்தார். கூட வந்த பெண் அதிகாரி வரப்பைத் தாண்டவில்லை, மடிக்கணினியை ஒரு கையில் ஏந்தித் தட்டிக்கொண்டு நின்றாள். புதிதாக விதைத்த சோளம் ஒரு சாண் வளர்ந்திருந்தது. டாக்டரம்மா ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, ஓரமாக நின்ற தண்ணியக்காவைக் கூப்பிட்டாள்.

"பயப்படாம சொல்லுங்கம்மா," என்றார் தலைவர். "தினமும் நாலும் எட்டுமா?"

வாய் வரைக்கும் 'ஆமா' வந்துவிட்டது. புருஷன் முகம் வந்து நின்றது. ஆனால் அந்த ஆள் பதிலுக்காகக் காத்திருந்த விதம், உள்ளங்கையில் மண்ணை வைத்துக்கொண்டு நின்ற விதம், அவளை அசைத்துவிட்டது.

"தினமும் இல்லைங்கய்யா. வாடுற நாள்ல. சில நாள் அஞ்சும் ஏழும். ரொம்ப வெயில்னா மூணும் ஒன்பதும். செடி மூஞ்சியைப் பார்த்து ஊத்தினேன்."

"எத்தனை நாள் வாடுச்சு?"

"எண்ணலைங்கய்யா."

பெண் அதிகாரி தட்டுவதை நிறுத்திவிட்டாள். தலைவர் மண்ணைக் கீழே போட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "இவ்வளவு நேர்மையா எங்ககிட்ட யாரும் பேசினது இல்லைம்மா," என்றார். நிஜமாகத்தான் சொன்னார். "ஆனா எங்க அட்டவணையில செடி மூஞ்சிக்குக் கட்டம் கிடையாது."

டாக்டரம்மா கெஞ்சவில்லை. இன்னும் நாற்பது நாள் பணம் இருக்கிறது, இந்தச் செடிகளை வைத்தே காட்டுகிறேன் என்றாள். தலைவர் யோசித்தார். "சரி. சரியா அளந்து ஊத்தி, வாரா வாரம் படம் எடுத்து அனுப்புங்க. பார்க்கலாம்."

அந்தப் 'பார்க்கலாம்' அன்றைக்குப் பண்ணையில் எல்லோருக்கும் ஒரு வேளைச் சாப்பாடு போல இருந்தது.

வேறு ஆளை ஊற்றச் சொல்லலாம் என்றார் மேஸ்திரி. தண்ணியக்கா ஒப்பவில்லை. "நான் கெடுத்தது. நானே ஊத்துறேன்." டாக்டரம்மா அவள் இரண்டு தோளையும் பிடித்துச் சொன்னாள்: "ஆறு. வாடினாலும் ஆறு. செத்தாலும் ஆறு. வெள்ளைக் குச்சி சாகறதுதான் அக்கா நமக்குச் சாட்சி."

மேஸ்திரி வரப்பில் நாற்காலி போட்டுக் குடையை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு பூவாளிக்கும் ஒரு கோடு கிழித்தார்.

"என்ன தண்ணியக்கா, இன்னைக்கு அன்னதானம் உண்டா?"

"உங்க தலையில வேணா ஒரு பூவாளி ஊத்தவா மேஸ்திரியண்ணே? அதுவும் காஞ்சுதான் கிடக்கு."

முதல் வாரம் அப்படிச் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் வெயில் முறுக்கிக்கொண்டு வந்தது. வெள்ளைச் செடிகள் ஒன்பது மணிக்குச் சுருண்டன. அவள் ஆறு ஊற்றிவிட்டு நடந்தாள். பார்க்காமல் இருக்கத் தலைத்துணியை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். மூன்றாவது வாரம் அடி இலை மஞ்சளாகிக் காகிதம் போல உரசத் தொடங்கியது. பார்க்காவிட்டாலும் காது கேட்டது. மேஸ்திரியும் பேச்சைக் குறைத்துவிட்டார். ஒருநாள் கோடு கிழிப்பதை நிறுத்தி, "ஒண்ணு கூட ஊத்திட்டுப் போயேன். நான் எழுதலை," என்றார் மெதுவாக.

"எழுதாததாலதான் அண்ணே இந்த வினை," என்று தாண்டிப் போனாள்.

கறுப்பு இடுப்பளவு நின்றது. பக்கத்திலேயே வெள்ளை, முழங்கால் உயரத்தில், வைக்கோல் நிறத்தில். கண் தெரியாதவன் தடவிப் பார்த்தே பிரித்துவிடுவான். டாக்டரம்மா வாரா வாரம் படம் எடுத்து அனுப்பினாள். பதில் இல்லை. அந்த நாட்களில் புருஷனுக்குக் கணுக்கால் வீங்கத் தொடங்கியது; சாயங்காலம் அவள் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வந்து கதவைத் திறந்ததும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "எப்படி நிக்குது?"

முப்பத்தெட்டாவது நாள் கடிதம் வந்தது. டாக்டரம்மா நின்றபடியே படித்தாள். இந்த வருஷத்துக்கான திட்டங்களின் பட்டியல் முடிவாகிவிட்டது, இந்த ஆராய்ச்சிக்கு இடமில்லை, நீர்ப் பதிவில் ஒழுங்கீனம் இருந்ததைக் கமிட்டி குறித்துக்கொண்டது, நிலத்தைச் சமப்படுத்தி ஒப்படைக்கவும். கடைசி வரி அடுத்த வருஷம் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றது. அப்புறம் அவள் கண் மேலே போய் ஓரிடத்தில் நின்றது.

"என்ன டாக்டரம்மா?"

"பட்டியல் முடிவான தேதி போட்டிருக்காங்க." குரல் தட்டையாக இருந்தது. "கமிட்டி வந்துட்டுப் போன ஒன்பதாம் நாள்."

தண்ணியக்கா மனசுக்குள் கழித்துப் பார்த்தாள். முப்பத்தெட்டில் ஒன்பது போக இருபத்தொன்பது. அந்த இருபத்தொன்பது நாளும் யாரும் பார்க்காத படத்துக்காக அவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள்.

மற்ற ஐந்து பேரும் சாமான் கட்டினார்கள். சூளையில் தட்டை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தவள், கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாயை மூடிட்டுக் கிடந்திருந்தா ஒழுங்கீனம்னு ஒரு வார்த்தை வந்திருக்குமா? இனி இந்தப் பேரைச் சுமந்துக்கிட்டு எந்தப் பண்ணையில போய் நிக்கறது?" என்றாள். தண்ணியக்கா உண்மையைச் சொல்லியிருந்தாலும் சொல்லாவிட்டாலும் பணம் போயிருக்கும் என்று தெரிந்தேதான் அவள் கேட்கிறாள். யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. கமிட்டி கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

டாக்டரம்மா இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். "வேற எங்கயாவது வேலை கிடைச்சா, இதையே காட்டி..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. பிறகு, "இந்த நாப்பது நாளை வச்சு ஒரு கட்டுரை எழுதுவேன் அக்கா. உங்க பேரையும் போடட்டுமா?" என்றாள்.

"என்னன்னு போடுவீங்க? வெள்ளைக் குச்சியைக் கொன்னவள்னா?"

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

டிராக்டர் மறுநாள் வரும் என்றார்கள். தொட்டியில் அன்றைய எழுபத்திரண்டும் இருந்தது. மேஸ்திரி குடையை மடக்கிவிட்டுப் போயிருந்தார். அவள் பூவாளியை நிரப்பி வெள்ளைக் குச்சிப் பாத்தியில் ஊற்றினாள். காய்ந்து இறுகிய மண் தண்ணீரை வாங்கவில்லை; அது வரப்போரம் ஓடிக் கறுப்புக் குச்சிப் பக்கம் போய் இறங்கியது. இரண்டாவது பூவாளியோடு நிறுத்திவிட்டாள். படிவத்தில் குத்தியிருந்த போட்டோவை நகத்தால் நெம்பி எடுத்து, தாளை மடித்துத் தொட்டி மூடிக்கு அடியில் செருகிவிட்டு, போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் புருஷன் அதே இடத்தில், அதே தலையணையில் கையை ஊன்றி இருந்தார். உதடு கொஞ்சம் நீலம். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டவர், கமிட்டி என்ன சொன்னது என்று கேட்கவில்லை.

"வெள்ளை?" என்றார்.

"போயிடுச்சு."

ஒரு மூச்சு இழுத்து, அது உள்ளே போகக் காத்திருந்தார்.

"கறுப்பு?"

"இடுப்பு வரைக்கும் நிக்குது."

அவர் தலையை ஆட்டினார். இன்னொரு மூச்சுக்கு நேரமானது. "சரியாத்தான் சுட்டிருக்கேன்," என்றார்.

அவள் போட்டோவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலில் இருந்த மண்ணைக் கழுவப் போனாள்.